இருபத்திரண்டாம் விரல்

மந்தார நிழல் அடுக்ககத்தில் வயது வந்தவர்கள் மொத்தம் இருநூற்று முப்பத்தோரு பேர். அங்கே நடந்த முதல் வாக்கெடுப்பில் விழுந்த ஓட்டு நாலாயிரத்து நூற்றுப் பதினேழு. மீதி மூவாயிரத்து எண்ணூற்று எண்பத்தாறு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மாடித் தண்ணீர்த் தொட்டியில் தேடிப் பார்த்ததாகவும் அங்கே இரண்டு தவளைதான் இருந்ததாகவும் காவலாளி எழுதிக் கொடுத்திருந்தார்.

கேள்வி சின்னதுதான். ‘அடுக்ககத்துக்குள் கருவாடு சமைப்பதைத் தடை செய்யலாமா? ஆம். இல்லை.’ இரண்டு பொத்தான்கள். பெயர் கேட்காது, வீட்டு எண் கேட்காது. அதைச் செய்து கொடுத்தவன் சி பிளாக் மூன்றாம் மாடித் தனசீலன். ஆஸ்பத்திரிகளில் டோக்கன் கூப்பிடும் இயந்திரங்களுக்கு நிரல் எழுதிப் பிழைப்பவன். நாற்பத்தொரு வயது, தனி ஆள்.

கேள்வியில் யார் பெயரும் இல்லாவிட்டாலும் கல் விழுகிற இடம் எல்லோருக்கும் தெரியும். பி பிளாக் தரைத்தளத்தில் மூன்றாம் எண் வீடு, கடலோர ஊரான மணப்பாட்டிலிருந்து வந்த பிரகாசி அக்கா வீடு. ஆறு வருஷமாக அங்கே சமைத்துக் கொடுத்துத்தான் அவள் ஜீவனம் நடந்தது. மற்ற நாளில் சாம்பார், புளிக்குழம்பு என்று ஊருக்கு அடங்கி இருப்பாள். புதன்கிழமை மட்டும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. தடை வந்தால் மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்தக் குழம்பை அடுக்ககத்தில் யாரும் சாப்பிடுவதில்லை. கேட்டுப் பாருங்கள், எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் செவ்வாய் சாயங்காலம் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஒரு நீலப் பையில் காலி டப்பாக்கள் தாமாக வந்து சேரும். எதிலும் பெயர் இருக்காது. புதன் மத்தியானம் அவை நிறைந்திருக்கும். ஒரு மணிக்குள் தாமாகப் போய்விடும். பெயர் எழுதிய ஒரே டப்பா தனசீலனுடையது.

“தம்பி, இது ஓட்டா, வறுத்த வேர்க்கடலையா? அள்ளி அள்ளிப் போட்டிருக்கானுவளே!” என்றார் சங்கத்தின் செயலாளர் ஞானசம்பந்தம். முப்பத்திரண்டு வருஷம் முத்திரை ஆய்வாளராக இருந்து, கடை கடையாக எடைக்கல்லைச் சோதித்தவர். அவர் கையில் ஒரு கிலோ சர்க்கரையைக் கொடுத்தால் முதலில் பையின் எடையைக் கழித்துவிட்டுத்தான் வணக்கம் சொல்வார். தடை வேண்டும் என்றவர்களில் அவர் முதல் ஆள். அதை ஒளிக்கவும் இல்லை. கருவாட்டு வாடை வந்தால் அவருக்கு மெய்யாகவே தலை சுற்றும்.

“பேர் கேக்கக் கூடாதுன்னு நீங்கதான் சார் சொன்னீங்க. பேர் கேக்கலன்னா வர்றது யாருன்னு தெரியாது. யாருன்னு தெரியலன்னா ஒருத்தரே உக்காந்து நூறு தடவ அமுக்குவாரு.”

“பேர் வேணாம். ஆனா ஆள் தெரியணும்.”

“அதெப்படி சார்?”

“எடைக்கல்லுக்கெல்லாம் பேரா வச்சிருக்கான்? ஒண்ண இன்னொண்ணுன்னு நான் ஒரு நாளும் ஏமாந்ததில்லையே.”

தனசீலன் முதலில் போனை வைத்து ஆளை எண்ணிப் பார்த்தான். ஏ பிளாக்கில் ஒரு குடும்பத்தில் ஆறு பேருக்கு ஒரே போன். டி பிளாக்கில் ஒருவரிடம் ஏழு போன். அதில் இரண்டு அவருக்கே தெரியாமல் இருந்தன. கடைசியில் விரலுக்கு வந்தான். போன்களெல்லாம் விரல் தொடுவதற்கு முன்பே விரலை உணர ஆரம்பித்திருந்த காலம் அது.

“ஒரு நெல்லு உசரத்துல விரல் வரும்போதே போனுக்குத் தெரிஞ்சிரும் சார்,” என்று செயலாளருக்கு விளக்கினான். “எந்தப் பக்கமிருந்து வருது, எங்க தயங்குது, மூச்சுக்கும் நாடிக்கும் எப்படி நடுங்குது, எல்லாம். ஊரையே கூட்டி வந்து விட்டாலும் ரெண்டு பேர் நடுக்கம் ஒண்ணா இருக்காது. பேரே இல்லாம விரல் ஒண்ணு, விரல் ரெண்டுன்னு நம்பர் மட்டும் போட்டுக்கும். அதே விரல் மறுபடி வந்தா கதவச் சாத்திரும்.”

ஞானசம்பந்தம் கொஞ்ச நேரம் தன் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “நம்ம கேட் ஆப்புலயும் இதே விரல்தானே ‘உள்ளே விடலாம்’னு அமுக்குது? அதுல வீட்டு நம்பர் இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா எந்த விரல் எந்த வீடுன்னு சொல்ல முடியுமா?”

தனசீலன் வேலை தெரிந்தவன். வேலை தெரிந்தவர்களிடம் ‘முடியுமா’ என்று கேட்டால் ஒரு பெருமையில் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

“முடியும் சார். ஆனா செய்யக் கூடாது.”

அவன் படியிறங்கி வருவதற்குள் ‘முடியும்’ என்ற சொல் டி பிளாக்கின் மொட்டை மாடிவரை போய்விட்டது. ‘ஆனா செய்யக் கூடாது’ இன்றுவரை அலுவலக வாசற்படியைத் தாண்டவில்லை.

மறுநாளிலிருந்து அடுக்ககத்தில் கைகள் மறைய ஆரம்பித்தன. சித்திரை வெயிலில் பால் வாங்க வந்தவர் ஊட்டிக்குப் போகும் கையுறை போட்டிருந்தார். லிஃப்ட் பொத்தானை முழங்கையால் அமுக்கினார்கள். முழங்கைக்கும் நடுக்கம் உண்டு என்று யாரோ கிளப்பிவிட, சாவிக்கொத்தால் அமுக்கினார்கள். வணக்கம் சொல்ல இரண்டு கையையும் எடுக்கவேண்டியிருப்பதால் வணக்கமே நின்றது. எதிர்ப்பட்டால் தாடையை ஆட்டிக்கொண்டார்கள். மனைவி போனைக் கணவனும், கணவன் போனை மனைவியும் தொடுவதில்லை என்று வீட்டுக்கு வீடு ஒப்பந்தமானது. இதனால் மட்டும் மூன்று தம்பதிகளுக்குள் ரொம்ப நாளைக்குப் பிறகு சமாதானம் ஏற்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தனசீலன் லிஃப்டுக்குள் நுழைந்தால் உள்ளே இருப்பவர்கள் ஏதோ மறந்துவிட்டதுபோல வெளியே வந்தார்கள். ஒருநாள் ஏ பிளாக் கோமதிநாயகம் எதிரே வந்தார். மொட்டை மாடியில் யோகா சொல்லிக் கொடுப்பவர். சாத்வீக உணவு பற்றி அவர் பேச ஆரம்பித்தால் கத்திரிக்காய்கூடக் கூசிப்போகும்.

“என்ன தம்பி, விரலெல்லாம் சௌக்கியமா இருக்கா?” என்றார், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.

“சார், நான் யாரோட விரலையும் பாக்கலை சார்.”

“பாக்கலன்னு யாரு சொல்லுவா? பாக்குறவன்தான் சொல்லுவான்.”

எதிர்ப்படுகிற ஒவ்வொருவரையும் அவனும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கியிருந்தான். இவர் புதன்கிழமைக்காரரா? இவர் தடைக்காரரா? கையை மறைக்கிறாரே, எதற்கு? கையை மறைக்கவில்லையே, அது எதற்கு?

இரண்டாம் வாக்கெடுப்பு ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை. தடை வேண்டும் என்றவர்கள் நடுக்கூடத்தில் நின்று, எல்லோரும் பார்க்கப் பெருவிரலால் அமுக்கிவிட்டுப் போனார்கள். அவர்களுக்குப் பயப்பட என்ன இருக்கிறது? மற்றவர்கள் வீட்டுக்குள் கதவைத் தாழிட்டுக்கொண்டார்கள். பிரகாசி அக்கா முற்றத்தில் அரிசி புடைத்தபடியே அமுக்கினாள். தனசீலன் தன் பெருவிரலால் ‘இல்லை’ என்று அமுக்கினான்.

ஐந்தரைக்குக் கூடத்துச் சுவரில் முடிவு விழுந்தது.

ஆம்: 68. இல்லை: 3.

அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இயந்திரம் ஒரு குறிப்புக் கொடுத்திருந்தது. ‘விரல் எண் 22 மொத்தம் 147 முறை வந்தது. ஒரு முறை ஏற்கப்பட்டது. 146 முறை திருப்பி அனுப்பப்பட்டது.’ திரும்பிய அத்தனையும் ‘இல்லை.’

எல்லோரும் எல்லோருடைய சட்டைப் பையையும் பார்த்தார்கள்.

“நூத்தி நாப்பத்தேழு தடவ,” என்று ஞானசம்பந்தம் மெல்லச் சொன்னார். “எவனோ ஒருத்தன் காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்காம உக்காந்திருக்கான்.”

தனசீலன் மனசுக்குள் கூட்டிப் பார்த்தான். மூன்றில் ஒன்று தன்னுடையது. ஒன்று அக்காவுடையது. அந்த மூன்றாவது, அந்த இருபத்திரண்டாம் விரல், யாருடையது? வீடு போகிற நிலையில் இருப்பவரைத் தவிர யார் நூற்று நாற்பத்தேழு தடவை அமுக்குவார்கள்? அப்படியானால் ஒருவேளை அந்த இரண்டுமே அக்காவுடைய... அந்த நினைப்பு வந்ததுமே அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் வந்த நினைப்பு போகவில்லை. நேரே பி பிளாக்குக்கு நடந்தான்.

பிரகாசி அக்கா அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் டப்பாக்கள் மலையாகக் குவிந்திருந்தன.

“வாய்யா சீலா. மூணு பேருன்னு சொல்லுதாவளே, மெய்தானா?”

“அக்கா, ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்கக் கூடாது.”

“கோவம் வார மாதிரிதான் கேப்ப போலிருக்கு. கேளு.”

“நீங்க... ரெண்டு விரலால கிரலால, திரும்பத் திரும்ப...”

பிரகாசி அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். குவியலிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

“ஆளுக்கு ரெண்டு டப்பா, ஒண்ணு அங்க இருந்தா ஒண்ணு இங்க இருக்கும். இவனுவ டப்பாவக் கழுவித் தர மாட்டானுவ. கழுவுனா வீட்டுல மணந்துரும்லா? அப்படியே மூடிக் கொண்டாந்து வச்சிருவானுவ. பாரு. இது முள்ள எல்லாம் ஓரமா அடுக்கியிருக்கு, தீக்குச்சிப் பெட்டி கணக்கா. இது விரலவிட்டு வழிச்சு நக்கியிருக்கு. இது கத்திரிக்காயத் தொடவே தொடாது. ஆறு வருசமா தொடல, நானும் போடுறத விடல. இது வால மட்டும் கிள்ளி வச்சிருக்கு, பொம்பளப்புள்ள. இன்னைக்கு எண்ணிப் பாத்தேன். ஒன் டப்பாவத் தள்ளிட்டு நூத்தி நாப்பத்தேழு. இது ஒத்த ஆளாய்யா?”

தனசீலன் டப்பாக்களை மாறி மாறிப் பார்த்தான். “அப்ப விரல் எப்படி அக்கா ஒண்ணாச்சு?”

“அத என்கிட்ட கேக்கியே. இந்தக் கூத்துனாலயா இருக்கும்.” போனை எடுத்து ஒரு ஒலிப்பதிவை ஓடவிட்டாள். அடுக்ககம் முழுக்கச் சுற்றிவிட்டு, தடைக்காரர்களுக்கும் தனசீலனுக்கும் மட்டும் வராமல் போன ஒலிப்பதிவு. குரல் கோமதிநாயகத்தினுடையது.

“நண்பர்களே, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் போனுக்குப் பழகினவை, கண்டுபிடிச்சிரும். மோதிர விரல் போனைத் தொட்டதே கிடையாது. அதனால மோதிர விரல். மூச்சை நல்லா உள்ள இழுங்க. அடக்குங்க. மனசுக்குள்ள பதினாறு எண்ணுங்க. இப்ப நெத்தியில திருநீறு பூசுற மாதிரி, மேலேர்ந்து நேரா இறக்கி, லேசா வலப்பக்கம் இழுத்து விடுங்க. நடுக்கமே இருக்காது. கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. தினம் காலைல பத்து தடவ பழகுங்க.”

பழகியிருக்கிறார்கள். குளியலறையில், சாமி அறையில், நின்ற காரில். பி பிளாக் ஷெரீப் பாயின் நெற்றி அறுபத்தைந்து வருஷமாகத் திருநீறு அறியாதது. அவருங்கூட ஒரு வாரம் பழகி, ஞாயிறன்று தம் போனுக்குப் பாங்காகப் பூசிவிட்டார்.

“மிஷின் மேல தப்பே இல்லக்கா,” என்றான் தனசீலன். “அது நடுக்கத்தத்தான் ஆளுன்னு எண்ணும். எல்லாரும் நடுக்கத்த எடுத்துட்டாங்க. எடுத்துட்டா மிச்சம் இருக்கறது ஒரே விரல்தான். நீங்க ஏன் இப்படிச் செய்யல?”

“என் கையில எந்த விரல மோந்தாலும் நெத்திலி மணக்கும். நான் எத ஒளிக்க?”

“அக்கா, இந்த டப்பா எல்லாம் யார் யாருதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியாமயா?”

“கூட்டத்துல வரிசையா பேரச் சொல்லிருங்க. போதும். வீடு தப்பிச்சிரும்.”

பிரகாசி அக்கா மூடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி மூடினாள். “எச்சிய வச்சு ஆளக் காட்டிக் குடுக்கச் சொல்லுத. சோறு போட்ட கை அத செய்யாதுய்யா. அதுவும் போவ, நாளைக்கு நான் வேற ஊருல பானை வச்சா, இந்த வாய நம்பித்தானே எவனும் டப்பா வைப்பான்?”

அன்று மாலையே தனசீலன் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினான். ஞானசம்பந்தம் முழுசாகக் கேட்டார். அவர் நேர்மையான மனுஷர். அதுதான் பெரிய சங்கடம்.

“ஒரே மாதிரி இருக்கிற நூத்தி நாப்பத்தேழு கல்லுன்னு சொல்ற. இருக்கலாம். ஆனா தராசுல ஒண்ணுதானே ஏறியிருக்கு?”

“வேற வேற ஆள் சார் எல்லாரும்.”

“அப்ப அவங்களே வந்து சொல்லட்டும். புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் கூடத்துல நோட்ட வச்சிக்கிட்டு உக்காரு. ‘நான் வேற ஆள், தனியா ஓட்டுப் போட்டேன்’னு எழுதிக் கையெழுத்துப் போடணும். அறுபத்தாறு பேர் போட்டா இல்லங்கறது அறுபத்தொம்பது ஆயிரும். தடை கிடையாது. நானே மூக்கப் பொத்திக்கிட்டுக் கெடக்குறேன்.”

திங்கட்கிழமை தனசீலன் கூடத்தில் நோட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்தான். நிறைய பேர் வந்தார்கள். தண்ணீர் குடித்தார்கள், அறிவிப்புப் பலகையில் போன வருஷத்துப் பொங்கல் போட்டி விவரத்தைப் படித்தார்கள், போகிறபோக்கில் நோட்டை எட்டிப் பார்த்து, பக்கம் வெறுமையாக இருப்பதைக் கண்டு நிம்மதியாகப் போனார்கள். முதல் கையெழுத்துப் போட ஒருவரும் இல்லை. இரண்டாவது கையெழுத்துப் போட நூற்று நாற்பத்தாறு பேர் தயாராக இருந்திருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் போனது. சாயங்காலம் ஜெனரேட்டர் அறைப் பக்கம் நீலப் பை இல்லை. சங்கம் எடுத்துவிட்டிருந்தது. காலி டப்பாவோடு வந்தவர்கள் அதைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, நடைப்பயிற்சி போவதுபோல இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பினார்கள்.

புதன்கிழமை நாலரை மணிக்குப் பிரகாசி அக்கா கூடத்துக்குள் வந்தாள். ஒரே ஒரு டப்பாவை மேசைமேல் வைத்தாள். அதில் ஒட்டியிருந்த காகிதத்தில் தன் கையால் எழுதியிருந்தாள்: ‘மூணாவது ஆளுக்கு.’

“எனக்காவ ஒத்த ஆளு நின்னுருக்கான்லா. அவனுக்குக் கடைசியா ஒரு வாய் சோறு. வந்தாமுன்னா குடுத்துரு,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். போகிறபோது மூடியை லேசாகத் திறந்துவிட்டுப் போனாளா, அது தானாகத் திறந்துகொண்டதா என்பதைத் தனசீலனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த ஞானசம்பந்தம் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். வாசம் மெதுவாக எழுந்து, மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறிப் போனது. பத்து நிமிஷத்தில் முதல் செருப்புச் சத்தம் கேட்டது. கோமதிநாயகம். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால்.

“தம்பி... அது வந்து... அந்த மூணாவது ஆள்...”

“சொல்லுங்க சார்.”

“அது நான்தான்.”

தனசீலனுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. நோட்டை அவசரமாக அவர் பக்கம் நகர்த்தினான். “ரொம்ப நல்லது சார். இதுல ஒரு கையெழுத்து. ‘நான் வேற ஆள்’னு.”

“வேற ஆள் எதுக்கு? அந்த ஆளே நான்தாங்கறேன்! இருபத்திரண்டாம் விரல் என்னோடது. அதான் ஏற்கெனவே எண்ணியாச்சே, புதுசா எதுக்குக் கையெழுத்து? டப்பாவக் குடு.”

“அப்ப திரும்பி வந்த நூத்தி நாப்பத்தாறும்?”

“அதுவும் நான்தான். விழுந்துச்சா விழலையான்னு ஒரு சந்தேகம். திரும்பத் திரும்ப அமுக்கிட்டேன்.”

“யோவ்!” என்று படியிலிருந்து ஒரு குரல். ஷெரீப் பாய் இறங்கி வந்துகொண்டிருந்தார். “என்னய்யா புளுகுற? இருபத்திரண்டு நானு. காலைல எட்டேகாலுக்கே போட்டேன்.”

“எட்டேகாலுக்கு நீங்க தொழுகையிலேர்ந்தே வரலையே பாய்!”

“தொழுகை எந்த நேரம்னு நீ எனக்குச் சொல்லித் தர்றியா?”

“ரெண்டு பேரும் வெலகுங்க,” என்று டி பிளாக் கலாவதி டீச்சர் முன்னால் வந்தார். “அது நான் போட்டது. பொம்பளைன்னு பாக்காம இப்படித் தள்ளுறீங்களே!”

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எண்ண முடியவில்லை. லிஃப்ட் இறங்கி இறங்கி ஆட்களைக் கொட்டியது. கையுறைகள் எங்கே போயினவோ தெரியவில்லை. எல்லோருடைய கையும் மேசையை நோக்கி நீண்டிருந்தது. நான்தான், நான்தான், நான்தான். கூடம் இரைந்தது.

தனசீலன் நாற்காலிமேல் ஏறி நின்றான். “ஐயா! அம்மா! கொஞ்சம் கேளுங்க! இவரும் போட்டாரு, அவங்களும் போட்டாங்க, நான் வேறன்னு அறுபத்தாறு பேர் எழுதினா வாராவாரம் எல்லாருக்கும் டப்பா உண்டு! இப்ப சண்ட போட்டா ஒருத்தருக்கு, ஒரு நாளைக்கு!”

ஒரு விநாடி எல்லோரும் யோசித்த மாதிரிதான் இருந்தது. கோமதிநாயகம் பேனாவைக்கூடக் கையில் எடுத்தார். எடுத்தவர் செயலாளரைப் பார்த்தார். சுவரோரம் கைகட்டி நின்ற தடைக்காரர்களைப் பார்த்தார். நாளைக் காலையில் மாடியில் யோகாவுக்கு விரிக்கப்போகும் பாய்களை எண்ணிப் பார்த்திருப்பார் போல. அந்த ஒரே ஆளாக இருந்தால் ஏதோ ஒரு சபலம், ஒரு நாள் தவறு என்று போய்விடும். அறுபத்தாறில் ஒருவர் என்றால் அது கட்சி. பேனாவைப் பக்கத்தில் நின்ற ஷெரீப் பாயிடம் நீட்டினார். பாய் அதை டீச்சரிடம் கொடுத்தார். டீச்சர் பின்னால் நின்றவரிடம். பேனா கூடம் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி, மை தீராமல் மேசைக்கே திரும்பி வந்தது.

“பாத்துக்கிட்டியா தம்பி?” என்றார் ஞானசம்பந்தம், கைக்குட்டைக்குள்ளிருந்து. சந்தோஷமாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. “ஒருத்தர்தான்னு அவங்களே ஒத்துக்கறாங்க.”

கூடத்துக் கடிகாரம் ஆறு காட்டியது. அவர் நோட்டை இழுத்து, வெறும் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு கிழித்து, நேரம் எழுதிக் கையெழுத்திட்டார்.

பிரகாசி அக்கா வாசலில் வந்து நின்றிருந்ததை அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள். சேலை முந்தானையில் கையைத் துடைத்தபடி கூட்டத்தை ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

“ஏ அம்மாடி,” என்றாள். “ஒத்த ஆளுக்கு எத்தன வாயி!”

மேசைக்கு வந்து டப்பாவை எடுத்தாள். காகிதத்தைக் கிழித்துப் போட்டாள். டப்பாவைத் தனசீலன் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனாள். நூறு பேருக்குமேல் பார்த்துக்கொண்டிருக்க அதைச் சாப்பிடுவது அவனுக்கு லேசாக இல்லை. சாப்பிட்டான்.

சனிக்கிழமை அவள் காலி செய்தாள். பாத்திர மூட்டைகளை வண்டியில் ஏற்றும்போது உதவிக்கு ஆள் வரவில்லை. ஜன்னல் திரைகள் மட்டும் அங்கங்கே அசைந்தன.

தடை அமலுக்கு வந்து மூன்றாவது புதன்கிழமை. மத்தியானம் பன்னிரண்டு நாற்பதுக்குத் தனசீலனின் போன் முனகியது. வாக்கெடுப்புப் பக்கத்தை மூட மறந்துவிட்டிருந்தான். அதில் யாரோ நுழைந்திருக்கிறார்கள். பார்த்தான். ‘இல்லை’ என்று ஒரு விரல். புது விரல். இடது பக்கம் சாய்ந்து வந்து, கண்ணாடிக்கு மேலே நின்று, தயங்கி, நன்றாக நடுங்கி, பிறகு அமுக்கிய பெருவிரல். இயந்திரம் அதற்கு எழுபத்திரண்டு என்று எண் கொடுத்தது.

பின்னாலேயே எழுபத்து மூன்று வந்தது. அதுவும் ‘இல்லை.’ எழுபத்து நான்கு, எழுபத்து ஐந்து. இந்தத் தடவை ஒலிப்பதிவு கிடையாது, கூட்டம் கிடையாது. ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. ஏன் செய்கிறோம் என்று அவரவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம். முடிந்துபோன ஓட்டு, எந்தப் பக்கம் அமுக்கினாலும் செல்லாது. மூச்சடக்க யாருக்கும் தோன்றவில்லை போலும். ஒன்றரை மணிக்குப் பக்கம் அடங்கியது. புதிய விரல்கள் நூற்று நாற்பத்தேழு. ஒன்றைப் போல் ஒன்று இல்லை.

தனசீலன் மணப்பாட்டுக்குப் போன் போட்டான். எடுத்ததும் பின்னால் பாத்திரச் சத்தமும் யாரோ சிரிப்பதும் கேட்டன.

“அக்கா, எல்லாரும் வந்து போட்டுட்டாங்கக்கா. நூத்தி நாப்பத்தேழு பேரும் தனித்தனி ஆளாம். இன்னைக்குத்தான் மிஷின் ஒத்துக்கிச்சு.”

“அது எனக்கு ஆறு வருசமாத் தெரியுமேய்யா.”

“அன்னைக்கு இத செஞ்சிருந்தா என்னக்கா? இவ்வளவு பயந்தவங்களுக்கு இப்ப மட்டும் எங்கேர்ந்து தைரியம் வந்துச்சு?”

அந்தப் பக்கம் கரண்டி சட்டியில் தட்டும் சத்தம் கேட்டது.

“பசிச்சிருக்கும்,” என்றாள். “பசி வந்தா பயம் தானாப் போயிரும்லா? நான்தான் இத்தன காலம் அவுகளப் பசிக்க விடாம வச்சிருந்துட்டேன். சரி, போன வையி. எண்ணெ காயுது.”